கொடைக்கானல் பாதரச வழக்கு: தோட்டத் தொழிலாளருக்கு என்ன பாடம்?

(தோட்டக் கமிட்டித் தலைவர்மார், மாதர் சங்கத் தலைவிகள், இளைஞர் அணியினருக்கான ஞாயிறு கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த வகுப்பில் சம்பளம், கைக்காசு, சேமலாப நிதி, லயத்துக் கூரை என்று பேசுவோம். இன்று நஞ்சைப் பற்றிப் பேசப் போகிறோம். ஒரு கம்பனி போட்டுவிட்டுப் போன நஞ்சுக் கழிவை எதிர்த்து, நம்மைப்போல ஒரு மலையூரில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்கள் பதினைந்து ஆண்டுகள் நடத்திய போராட்டம் இது. அவர்கள் எதில் வென்றார்கள், எது இன்னும் அவர்கள் கைக்கு வரவில்லை என்பதைச் சரியாகத் தெரிந்துகொண்டால், நம் தோட்டத்து மருந்து அறைக்குப் பின்னால் கிடக்கும் கேன்களை நாம் வேறு கண்ணோடு பார்ப்போம்.

ஊர், தமிழ்நாட்டின் கொடைக்கானல். அந்த ஊர் நமக்கு அந்நியமானதல்ல. 1964ஆம் ஆண்டு ஸ்ரீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேற்றப்பட்ட நம் உறவுகளில் பலர் நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும்தான் போய் விழுந்தார்கள். நம் வீடுகளில் பழைய பெட்டியைத் திறந்தால் அந்தப் பக்கத்து முத்திரை குத்திய கடிதம் ஒன்றாவது இருக்கும்.

அமெரிக்காவில் மூடிய தொழிற்சாலை

காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாய் நம் எல்லோருக்கும் தெரியும். உள்ளே வெள்ளிபோல் மின்னும் திரவம்தான் பாதரசம். அந்தக் குழாய்களைச் செய்யும் தொழிற்சாலை ஒன்று அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் என்ற ஊரில் இருந்தது. அது அங்கே மூடப்பட்டு, இயந்திரங்கள் 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டன. முதலில் பொண்ட்ஸ் கம்பனி நடத்தியது. பிறகு பொண்ட்ஸ் உலக அளவில் யுனிலீவருக்குக் கைமாறியது. இந்தியாவில் ஹிந்துஸ்தான் லீவர் கையில் தொழிற்சாலை வந்தது. இன்று அதன் பெயர் ஹிந்துஸ்தான் யுனிலீவர்.

மூலப்பொருள் வெளிநாட்டிலிருந்து வந்தது. செய்த குழாய்கள் வெளிநாட்டுக்கே போயின. கொடைக்கானலில் தங்கியது கூலியும் கழிவும் மட்டுமே. தேயிலையில் வாழும் நமக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தொழிற்சாலை அமைந்த இடத்தையும் கவனியுங்கள். அது மலைமுகட்டில் இருந்தது. அதற்குக் கீழே பாம்பார் சோலைக் காடு. அந்தக் காட்டில் ஊறும் நீர் கும்பக்கரை அருவிப் பக்கமாக இறங்கி சமவெளிக்குப் போகிறது. மேலே கொட்டுவது கீழே வரும். நம் தோட்டங்களிலும் ஸ்டோரும் மருந்து அறையும் எங்கே இருக்கின்றன, பீலித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று இப்போதே மனதில் ஒரு படம் போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வருவோம்.

பாதரசம் என்ன செய்யும்?

பாடசாலையில் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இதுதான்: உலோகங்களில் சாதாரண வெப்பநிலையில் திரவமாக இருப்பது பாதரசம். நாங்கள் அடுத்ததாகச் சொல்ல வேண்டியது, அது காய்ச்சாமலே ஆவியாகும் என்பது. அந்த ஆவிக்கு நிறமில்லை, வாசமில்லை. இருமல் வராது, கண் எரியாது. மூச்சோடு நுரையீரலுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்திலும் மூளையிலும் தங்கும். கை நடுங்கும், ஞாபகம் குறையும், தூக்கம் போகும், பல்லும் ஈறும் கெடும், சிறுநீரகம் பழுதாகும். கர்ப்பிணித் தாயின் உடம்பிலிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும்.

தரையில் சிந்திய பாதரசம் மண்ணிலும் நீரிலும் சேர்ந்தால் கிருமிகள் அதை இன்னும் கொடிய வடிவத்துக்கு மாற்றும். அது மீனில் ஏறும். மீனைத் தின்றவர் உடம்பில் சேரும். ஜப்பானில் மினமாட்டா என்ற கடலோர ஊரில் ஒரு இரசாயனக் கம்பனி கடலுக்குள் விட்ட பாதரசக் கழிவால் மீனவக் குடும்பங்கள் முடமான நோய் 1956இலேயே அடையாளம் காணப்பட்டது. கொடைக்கானல் தொழிற்சாலை தொடங்கியபோது அந்தப் பாடம் கால் நூற்றாண்டுப் பழையது. தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

உள்ளே வேலை செய்தவர்கள் பிறகு சொன்ன சாட்சியம் என்ன? தரையில் பாதரச மணிகள் உருண்டு கிடந்தன, கையால் கூட்டி அள்ளினோம், தகுந்த முகமூடியும் கையுறையும் தரவில்லை, எங்கள் இரத்தத்தையும் சிறுநீரையும் எடுத்துச் சோதித்தார்கள், என்ன வந்தது என்று எங்களுக்குச் சொல்லவில்லை. தலைவர்மார்களே, இந்தக் கடைசி வார்த்தையைக் குறித்துவையுங்கள்.

கம்பனியின் நிலைப்பாட்டையும் சொல்லிவிட வேண்டும். வேலையால் தொழிலாளரின் உடல்நலம் கெடவில்லை, பாதுகாப்பு முறைகள் இருந்தன என்றுதான் கம்பனி இன்றுவரை சொல்கிறது. எதிராளி என்ன சொல்கிறான் என்று தெரியாமல் எந்த வழக்குக்கும் போகக் கூடாது.

2001 மார்ச் 7

உடைந்த கண்ணாடியும் அதில் ஒட்டிய பாதரசமும் தொழிற்சாலையின் கழிவு. அதைப் பத்திரமாக அப்புறப்படுத்த வேண்டும் என்பது கம்பனியே தனக்கு எழுதிவைத்த விதி. நடந்தது வேறு. கழிவின் ஒரு பகுதி பழைய இரும்புக் கடைக்குப் போனது. கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில், பள்ளிக்கூடத்துக்கு அருகில் இருந்த ஒரு பழைய சாமான் கிடங்கில், கிழிந்த சாக்குகளில் 7.4 தொன் பாதரசக் கண்ணாடிக் கழிவு கிடந்தது. சாக்கிலிருந்து சிந்தியது மண்ணோடு மண்ணாகிக்கொண்டிருந்தது.

அதைக் கண்டுபிடித்தது அரசாங்க அதிகாரி அல்ல. ஊர் மக்களும், பழனி மலைப் பாதுகாப்பு மன்றமும், கிரீன்பீஸ் அமைப்பும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். 2001 மார்ச் 7ஆம் திகதி ஊர்வலமாகப் போய்த் தொழிற்சாலை வாசலில் நின்றார்கள். அந்தக் கிடங்கைப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டினார்கள். கம்பனி வேலையை நிறுத்தியது. சில மாதங்களில் தொழிற்சாலை நிரந்தரமாக மூடப்பட்டது.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஊர் வென்றது, தொழிலாளி வேலை இழந்தான். நஞ்சை மூச்சோடு இழுத்தவனும் அவன்தான், வாசல் மூடியதும் கையில் ஒன்றுமில்லாமல் நின்றவனும் அவன்தான். கழிவை எதிர்க்கும் எந்தப் போராட்டத்திலும் முதலாளி பக்கம் தயாராக வைத்திருக்கும் ஆயுதம் இது: "வாயைத் திறந்தால் வேலை போகும்." நம் தோட்டங்களிலும் இதே வார்த்தையைக் கேட்டிருக்கிறோம். ஆகவே தொழிற்சங்கம் இப்படியான விஷயத்தில் பின்னால் வந்து சேரும் ஆளாக இருக்கக் கூடாது. கழிவைச் சுத்தம் செய், வேலையைப் பாதுகாப்பாக்கு, மூடினால் உரிய நட்டஈடு கொடு, வைத்தியம் பார் – இந்த நான்கையும் ஒரே மூச்சில் கேட்பது சங்கத்தின் வேலை. ஊர் ஒன்றும் தொழிலாளர் ஒன்றுமாகப் பிரிந்து நின்று கேட்டால் கம்பனிக்கு வேலை சுலபம்.

அனுப்பியவனிடமே திருப்பி அனுப்பு

மக்கள் வைத்த முதல் கோரிக்கை மிக எளிமையானது: இந்தக் கழிவை எங்கள் மண்ணில் புதைக்காதே, வந்த நாட்டுக்கே எடுத்துக்கொண்டு போ. பலர் சிரித்திருப்பார்கள். ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாட்டுக்குக் குப்பை போகுமா?

போனது. 2003ஆம் ஆண்டு ஏறத்தாழ 290 தொன் பாதரசக் கழிவு பீப்பாய்களில் அடைக்கப்பட்டு, தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேற்றப்பட்டு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்பப்பட்டது.

நம் நாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. பிரித்தானியாவிலிருந்து கொழும்புக்கு வந்து சேர்ந்த குப்பைக் கொள்கலன்களை எதிர்த்து சுற்றாடல் நீதிக்கான நிலையம் வழக்குப் போட்டது. திருப்பி அனுப்பும்படி மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் உத்தரவிட்டது. 263 கொள்கலன்களில் கடைசித் தொகுதி 2022 பெப்ரவரியில் கப்பலேறியது. "கொட்டியவனே அள்ள வேண்டும்" என்று கேட்பது பேராசையல்ல, நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட நியாயம்.

பத்து ஆண்டு வழக்கு

சாக்கில் இருந்த கழிவு போய்விட்டது. மனிதர் உடம்பிலும் மண்ணிலும் இருந்தது போகவில்லை.

முன்னாள் தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு நலச் சங்கம் அமைத்தார்கள். 2006இல் அந்தச் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. எங்களுக்கு நட்டஈடும் வைத்தியமும் வேண்டும் என்பது கோரிக்கை. நீதிமன்றம் நிபுணர் குழு ஒன்றைக் கேட்டது. தொழிலாளரின் நோய்களைப் பாதரசத்தோடு தொடர்புபடுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று அந்தக் குழு 2007இல் சொல்லிவிட்டது.

எத்தனை சங்கங்கள் அந்த இடத்தில் கலைந்து போயிருக்கும்! இவர்கள் கலையவில்லை. 2011இல் இந்திய மத்திய தொழில் அமைச்சு அமைத்த வேறொரு குழு, பாதரசத்தால் தொழிலாளர் பாதிக்கப்பட்டதற்கு ஆதாரம் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. இரண்டு குழு, ஒரே தொழிலாளர், இரண்டு முடிவு. காரணத்தை யோசியுங்கள். வேலை நடந்த காலத்தில் காற்றில் எவ்வளவு பாதரசம் இருந்தது, யாருடைய சிறுநீரில் எவ்வளவு இருந்தது என்ற பதிவுகளை வைத்திருந்தது கம்பனி. பாதரசம் உடம்பில் உள்ளபடியே காலம் முழுவதும் காட்டிக்கொண்டிருக்காது. வெளிப்பட்டு ஆண்டுகள் கழிந்தால் சோதனையில் அளவு குறைந்துவிடும், செய்த சேதம் மட்டும் தங்கும். ஆகவே, அன்றன்று எடுக்காத பதிவை பின்னால் எந்த நிபுணராலும் உண்டாக்க முடியாது.

2015இல் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் என்ற இளம் பாடகி கொடைக்கானல் பாதரசத்தைப் பற்றி ஒரு பாட்டைப் பாடி வெளியிட்டார். சில நாட்களில் உலகம் முழுவதும் இலட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். யுனிலீவரின் தலைமை அதிகாரியே பதில் சொல்ல வேண்டி வந்தது. 2016 மார்ச்சில் கம்பனி 591 முன்னாள் தொழிலாளருக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் பணம் கொடுக்க உடன்பட்டுக் கையெழுத்திட்டது.

பாட்டுத்தான் வென்றது என்று நினைக்க வேண்டாம். பத்து ஆண்டு வழக்கும், அதற்குள் கலையாமல் நின்ற சங்கமும் இருந்ததால்தான் அந்தப் பாட்டுக்குப் பின்னால் பேரம் பேச ஒரு மேசை இருந்தது. சங்கம் இல்லாத இடத்தில் பாட்டு நாலு நாள் ஓடி மறைந்துவிடும்.

அந்த உடன்படிக்கையையும் சரியாக அளந்து பார்க்க வேண்டும். கம்பனி அதை மனிதாபிமான அடிப்படையிலான கொடுப்பனவு என்றது. குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. எவ்வளவு தொகை என்பது வெளியில் சொல்லப்படவில்லை. தொழிற்சாலை மூடி பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. காத்திருந்தே கண் மூடியவர்களும் உண்டு. ஆனாலும் உலகின் பெரிய கம்பனிகளில் ஒன்று, கொடைக்கானல் மலைத் தொழிலாளர் முன்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டது. அதைச் சிறிது என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

மண் யாருக்குச் சொந்தம்?

அடுத்தது மண். இந்திய அணுசக்தித் துறையின் ஆய்வாளர்கள் கொடைக்கானல் சோலையின் பாசியிலும், ஊர் ஏரியின் சேற்றிலும் மீனிலும் பாதரசத்தை அளந்து வெளியிட்டார்கள். தொழிற்சாலை வளவின் மண்ணை எவ்வளவு சுத்தம் செய்ய வேண்டும் என்பதில் சண்டை வந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்ற அளவை கம்பனி வைத்தது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஏற்றது. காட்டுக்கும் ஆற்றுக்கும் மேலே இருக்கும் மண்ணுக்கு இது போதாது, பணக்கார நாடுகளில் இதைவிடக் கடுமையான அளவு கேட்கிறார்கள், எங்கள் உயிருக்கு மட்டும் ஏன் தளர்வு என்று மக்கள் கேட்டார்கள். விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. சுத்தப்படுத்தும் வேலை சோதனை அளவில் தொடங்கியதே 2017இல்தான். பதினாறு ஆண்டு மழை அந்த மண்ணைக் கழுவிக்கொண்டு கீழே போயிருந்தது.

மலைநாட்டு மழையைப் பற்றி நமக்கு யாரும் சொல்ல வேண்டாம். ஒரு பருவ மழையில் எவ்வளவு மண் ஓடும் என்று கான் வெட்டும் தொழிலாளிக்குத் தெரியும்.

சுன்னாகத்துக் கிணறுகள்

"அது இந்தியா, அங்கே சட்டம் வேறு" என்று சிலர் நினைக்கலாம். ஆகவே நம் நாட்டு வழக்கு ஒன்றையும் சொல்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. குடிப்பதும் தோட்டம் இறைப்பதும் கிணற்று நீரில்தான். சுன்னாகத்தில் நொதேர்ன் பவர் என்ற கம்பனியின் டீசல் மின்நிலையம் இயங்கியது. சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதக்கத் தொடங்கியது. மக்கள் வாளியில் தண்ணீரை அள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். மல்லாகம் நீதிவான் நீதிமன்றத்தில் பொதுத்தொல்லை வழக்கு நடந்தது. மாகாண சபை அமைத்த நிபுணர் குழு பயப்பட ஒன்றுமில்லை என்ற பாணியில் அறிக்கை தந்தது. கொடைக்கானலின் 2007ஆம் ஆண்டு ஞாபகம் வருகிறதா?

பிறகு தெற்கைச் சேர்ந்த ஒரு சிங்களச் சுற்றாடல் செயற்பாட்டாளர், வடக்கின் கிணறுகளுக்காக உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட்டார். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலக்க மின்நிலையம் காரணம் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கைப்படி, பாதிக்கப்பட்ட மக்களுக்காக 2 கோடி ரூபாய் செலுத்தும்படி கம்பனிக்கு உத்தரவிட்டது. கடமை தவறிய அரச நிறுவனங்களையும் விடவில்லை.

அந்த வழக்கில் தாங்கிப் பிடித்த தூண் எது? தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை கிணற்று நீரை எடுத்துச் சோதித்து எழுதிவைத்திருந்த பதிவுகள். திகதி, இடம், அளவு. நிபுணர் குழுவின் வாய்ச்சொல்லைவிட அந்தப் பதிவு கனத்தது. கொடைக்கானலில் இல்லாமல் போனது சுன்னாகத்தில் இருந்தது.

நம் மருந்து அறைக்குப் பின்னால்

இப்போது நம் தோட்டத்துக்கு வருவோம். நம்மிடம் பாதரசத் தொழிற்சாலை இல்லை. களைநாசினி இருக்கிறது, பூச்சி மருந்து இருக்கிறது, ஸ்டோரில் கழிவு எண்ணெய் இருக்கிறது. அளவில் சிறியது, முறையில் ஒன்றே.

ஒரு தோட்டத்தில் நாங்கள் கண்டதைச் சொல்கிறோம், பெயர் வேண்டாம். மருந்து அறைக்குப் பின்னால் ஒரு குழி. பல ஆண்டுகளாகக் காலிக் கேன், போத்தல், திகதி கடந்த மருந்து எல்லாம் அதற்குள். மேலே கொஞ்சம் மண். குழிக்குக் கீழே நூறு அடியில் பீலி. அந்தப் பீலியில் இருந்து இரண்டு லயத்துக்கும் பிள்ளைக் காப்பகத்துக்கும் தண்ணீர் போகிறது. மழை நாட்களில் தண்ணீர் மணக்கிறது என்று தாய்மார் சொல்கிறார்கள். கேட்டால், "அது இலை அழுகிய வாசம்" என்று பதில். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். யாரும் சோதிக்கவில்லை.

இன்னொன்று நம் வீட்டுக்குள் நடப்பது. மருந்துக் கேன் உறுதியானது, மூடி இறுக்கமானது. கழுவித் தண்ணீர் எடுக்க வைத்துக்கொள்கிறோம். பிளாஸ்டிக்கின் உள்ளே ஊறிய மருந்து கழுவினால் போகாது. அந்தக் கேனை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரை மருந்து டாங்கியிலேயே ஊற்றி, கேனில் ஓட்டை போட்டு, யாரும் திரும்பப் பாவிக்க முடியாதபடி ஒப்படைக்க வேண்டும் என்பதுதான் உலக முறை. அதைச் செய்யவைப்பது நிர்வாகத்தின் கடமை. வீட்டில் அந்தக் கேனைப் பாவிக்காமல் இருப்பது நம் கடமை. பிள்ளைக்குப் பாடசாலைக்கு அதில் தண்ணீர் கொடுத்துவிடாதீர்கள், தாய்மார்களே. வகுப்பில் அந்தக் கேனை நாங்கள் பார்க்கிறோம்.

சட்டத்தில் நமக்கு இருக்கும் கதவுகள்

நீளமாகச் சொல்லவில்லை. ஐந்து கதவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி.

ஒன்று, நீதிவான் நீதிமன்றம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ், பொதுமக்களுக்குத் தொல்லையாக உள்ளதை அகற்றும்படி நீதிவான் உத்தரவிடலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை இருந்தால் நம் கை பலப்படும்.

இரண்டு, மத்திய சுற்றாடல் அதிகார சபை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. எழுத்தில் முறைப்பாடு செய்து, பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள்.

மூன்று, பீடைகொல்லிகள் பதிவாளர். எந்த மருந்து அனுமதி பெற்றது, எப்படிப் பாவிக்க வேண்டும் என்பது 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி அவர் கையில்.

நான்கு, தகவல் அறியும் உரிமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். நம் தோட்டத்து நீரை எந்த அரச அலுவலகமாவது சோதித்ததா, முடிவு என்ன என்று தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

ஐந்து, உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. அரசாங்க நிறுவனம் தன் கடமையைச் செய்யாமல் நம் உரிமையை மீறும்போது போகும் கதவு இது. காலக்கெடு ஒரு மாதம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கெடுவில் சேராது. "பெருநாள் முடியட்டும் பார்ப்போம்" என்று தள்ளிப்போட்டால் கதவு மூடிவிடும்.

அடுத்த கூட்டத்துக்குள் செய்ய வேண்டியவை

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி வாங்குங்கள். நாற்பது பக்கக் கொப்பி போதும். முதல் பக்கத்தில் ஒரு படம்: மருந்து அறை, ஸ்டோர், குழி, பீலி, தண்ணீர்த் தாங்கி, லயம், பாடசாலை. எது மேலே, எது கீழே. படம் கீறப் பெரிய வகுப்புப் பிள்ளைகளைக் கேளுங்கள், மலையை அவர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

அடுத்த பக்கங்களில் மருந்து அடிக்கும் தொழிலாளர் பெயர். எந்தத் திகதி, எந்த மலையில், என்ன மருந்து, கையுறையும் முகமூடியும் கொடுத்தார்களா, அன்று மயக்கம், வாந்தி, கண் எரிச்சல் இருந்ததா. எழுத வராதவருக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதட்டும், அவர் ஒப்பம் வைக்கட்டும். ஆஸ்பத்திரித் துண்டுகளை எறியாதீர்கள். கிளினிக் கொப்பியும் மருந்துத் துண்டும் ஒரு பையில் இருக்கட்டும். தோட்டத்தில் இரத்தம் எடுத்தால், சிறுநீர் எடுத்தால், ரிப்போட்டின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், மறுத்தவர் யார், என்ன திகதி என்று கொப்பியில் எழுதுங்கள். அதுவும் ஆதாரம்.

பீலித் தண்ணீரைச் சோதிக்கும்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் பிரதேச சபைக்கும் கமிட்டி கடிதம் கொடுக்க வேண்டும். சோதனைக்குத் தண்ணீர் எடுக்கும்போது நம் ஆள் இருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். மாதர் சங்கத் தலைவி ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். தண்ணீர் எடுப்பவரும் சமைப்பவரும் அவர்தான், மணத்தை முதலில் அறிபவரும் அவர்தான்.

நிர்வாகத்தோடு பேசும்போது மூன்று கோரிக்கை வையுங்கள்: குழியை மூடி மறைக்காமல், முறையாகத் தோண்டி அகற்றுவது. காலிக் கேன்களுக்குக் கணக்கு வைப்பது. மருந்து அடிப்பவர்களுக்குப் பாதுகாப்பு உடையும் ஆண்டுக்கு ஒரு தடவை வைத்தியப் பரிசோதனையும், அதன் பிரதி தொழிலாளி கையில். இந்த மூன்றுக்கும் தோட்டத்தை மூட வேண்டியதில்லை. ஆகவே "வேலை போகும்" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை என்பதை நேராகச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். எந்தச் சங்கம் என்று பார்க்காதீர்கள். நம் தோட்டங்களில் ஒரே லயத்தில் மூன்று சங்கத்துச் சந்தா போகிறது. பீலி ஒன்றுதான். கீழேயுள்ள சிங்களக் கிராமமும் அதே ஓடையில்தான் குளிக்கிறது. அவர்களையும் கூப்பிடுங்கள், விகாரையில் பேசுங்கள், கோவிலில் பேசுங்கள். சுன்னாகத்துக் கிணற்றுக்குத் தெற்கிலிருந்து ஒருவர் வர முடிந்தது என்றால், ஓடைக்குக் கீழே இருப்பவர் நமக்காக வரமாட்டாரா?

கொடைக்கானல் தொழிலாளருக்குப் பணம் வந்தது 2016இல். அவர்கள் கையில் 1985இலேயே ஒரு கொப்பி இருந்திருந்தால் 2007இல் அந்த நிபுணர் குழுவிடம் நீட்டியிருப்பார்கள். நாம் அந்தக் கொப்பியை இந்த வாரமே வாங்கலாம். அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொரு கமிட்டியும் அதைக் கையில் கொண்டு வாருங்கள். சேர்ந்து திறந்து பார்ப்போம்.